பெயர் ஒற்றுமையும் ஆள் ஒற்றுமையும்: கொடிவழித் தொகுப்பில் ஒரு சிக்கல்

இலக்கிய வரலாற்றில் பெயர் ஒற்றுமை விளைத்த மயக்கங்கள் பல. ஔவையார் என்னும் பெயரால் வழங்கும் பாடல்கள் அனைத்தையும் ஒருவர்க்கே உரிமையாக்கியதால், சங்க காலப் புலவரும் பிற்கால நீதிநூலாசிரியரும் பொதுமக்கள் உள்ளத்தில் ஓருருவாயினர். கல்வெட்டாய்விலோ இதற்கு மறுதலையான இடர் உண்டு. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனை, அவன் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுக்கள் இராசேந்திரன் என்றே குறிக்கின்றன. பெயரை மட்டும் நோக்குவார் ஒருவனை இருவராகக் கொள்வர். பலரை ஒருவராக்கலும் ஒருவரைப் பலராக்கலும் ஆகிய இவ்விரு பிழைகளுமே இன்று கணினியில் கொடிவழி தொகுப்பாரையும் எதிர்ப்படுகின்றன. அவற்றைச் சங்கரன்கோயில் வட்டார வழக்கங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவினர் இருவர் தனித்தனியே தொகுத்த கொடிவழிகளை ஒன்று சேர்க்குங்கால், ஒரே ஆள் இருமுறை இடம்பெறுதல் இயல்பு. மென்பொருள் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பெற்றோர் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒருவரே எனத் தோன்றும் பதிவுகளை இணை இணையாகக் காட்டும். அவற்றை ஒன்றாக்குவதோ விடுவதோ தொகுப்பாளர் பொறுப்பு. இம்முறைக்கு அடிப்படையான கணிதக் கொள்கையைப் பெலகி, சண்டர் என்னும் இருவர் 1969இல் வகுத்தனர். அருகி வழங்கும் பெயர் ஒத்திருப்பின் அது வலிய சான்று. பெருக வழங்கும் பெயர் ஒத்திருப்பின் அது மெலிய சான்று என்பது அதன் உயிர்நாடி.

இக்கொள்கையைச் சங்கரன்கோயிலிற் பொருத்திப் பார்ப்போம். சங்கரலிங்கரும் கோமதியம்மையும் சங்கரநாராயணரும் கோயில் கொண்ட ஊர் இது. ஆதலின் சங்கரன், சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதி, கோமதிநாயகம் என்னும் பெயர்கள் இங்குத் தெருத்தோறும் ஒலிக்கும். வேற்றூரில் ஆளை அடையாளம் காட்டும் பெயர் இவ்வூரில் அவ்வாற்றல் குன்றிவிடுகிறது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபு இச்சிக்கலை மேலும் பெருக்குகிறது. காட்டாக, சங்கரன் மகன் முத்தையா, முத்தையா மகன் சங்கரன், அச்சங்கரன் மகன் முத்தையா எனக் கால்வழி செல்லுமாயின், பாட்டனும் பேரனும் ஆகிய இருவருமே ‘சங்கரன் மகன் முத்தையா’ ஆவர். தன் பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஒத்திருந்தும் ஆள் வேறு. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என மாறி மாறிப் புனைந்த பட்டங்கள் கல்வெட்டாய்வாளரை மயக்கியதும் இவ்வாறே. பழம் பத்திரத்திற் காணும் முத்தையாவையும் அண்மைக்காலப் பட்டாவிற் காணும் முத்தையாவையும் ஒன்றாக்கினால், இடைப்பட்ட ஒரு தலைமுறையே மறைந்துபோம்.

உரோமன் எழுத்தில் பெயர்களைப் பதிவதால் வரும் கேடு வேறு. ஒலி ஒப்புமை காண்பதற்கு இரசல் என்பார் 1918இல் உரிமம் பெற்ற சவுண்டெக்சு முறை, முதலெழுத்தை அப்படியே கொண்டு, தொடரும் மெய்களுள் மூன்றை எண்ணாக்கும். அதன்படி சங்கரன், சங்கரலிங்கம், சங்கரநாராயணன் ஆகிய மூன்றும் ஒரே குறியீடு பெறுகின்றன. ஆனால் கோமதி என்னும் ஒரு பெயரோ, ஒருவர் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தாலும் மற்றொருவர் ‘ஜி’ என்னும் எழுத்தாலும் தொடங்கி எழுதினால் இரு குறியீடு பெறுகிறது. வேறானவை ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் ஆதல் காண்க. தமிழ் எழுத்திற் பதிந்தால் இவ்விரு மயக்கமும் இல்லை.

ஊர்ப்பெயரும் ஒரு நிலையாக நில்லாது. பழம் பதிவுகளிற் சங்கரநயினார்கோயில் என வருவதும் இவ்வூரே. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இது 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்கியது. பெயராலும் மாவட்டத்தாலும் வேறுபட்ட பதிவுகளைக் கருவி ஈரூர் எனக் கொள்ளக்கூடும்.

இதுகாறும் கண்டவற்றுட் பெரும்பாலன ஒன்றாக்கலின் இடர். இனி, ஒன்றாக்க வேண்டியதை விடுதலால் வரும் இடரைக் காண்போம். அக்காள் மகளை மணக்கும் வழக்கில், பெண்வழித் தொகுப்பில் தாய்மாமனாக வருபவனே கணவனாகவும் வருகிறான். இருமுறை பதியப்பெறினும் ஆள் ஒருவனே. அவர்தம் குழந்தைக்குத் தந்தைவழிப் பாட்டனே தாய்வழிப் பூட்டனும் ஆவான். மாமன் மகள் அல்லது அத்தை மகளை மணந்தாரின் குழந்தைக்கோ பூட்டன் பூட்டியர் எண்மர்க்குப் பதிலாக அறுவரே. தலைமுறை வேறுபாட்டையே சான்றாகக் கொள்ளும் கருவி இவ்வுண்மையைப் பிழையென ஒதுக்கும்.

எனவே, பெயரினும் உறவே வலிய சான்று என்பது போதரும். தாயின் பெயர், அவள் பிறந்த வீடு, மனைவி பிறந்த வீடு, பத்திரத்தின் ஆண்டு ஆகியவற்றுள் ஒன்றையொன்று சாராத இரண்டேனும் ஒத்தல் வேண்டும். பெற்றோர் ஒருவராயினும் உடனே துணிதல் தகாது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுதலும் உண்டன்றோ? மனைவி இறந்தபின் அவள் தங்கையை மணந்தவன் வீட்டில், ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் எழுதப்பெற்ற இரு பெண்களும் ஒருத்தியாகிவிடுவர். மூத்தவள் வாழ்ந்ததற்கு இருந்த ஒரே தடமும் அதனோடு அழியும்.

பெலகியும் சண்டரும் ‘ஒருவர்’, ‘வேறானவர்’ என்னும் இரண்டோடு ‘ஆராய்தற்குரியவர்’ என மூன்றாம் வகையும் வைத்தனர். அதனை நாமும் மேற்கொள்ளல் நன்று. பிரித்து வைத்த இருவரைச் சான்று கிடைத்த நாளிற் சேர்க்கலாம். சேர்த்தபின் மனைவியும் மக்களும் கலந்துவிட்டால் பிரித்தல் எளிதன்று. ஒன்றாக்கிய இடத்தும் இரு பதிவின் பெயர் வடிவங்களையும் மூலச் சான்றுகளையும் தனித்தனியே குறித்து வைத்தல் வேண்டும். பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காத்த பதிப்பாசிரியர் மரபு நமக்குக் கற்பித்த நெறியும் இதுவேயாம்.