உறுதி தொலைந்தால் காணி தொலைந்ததா?

எருசலேம் நகரைப் பகைவர் முற்றுகையிட்டிருந்த நாட்களில், காவலில் அடைபட்டிருந்த இறைவாக்கினர் எரேமியா ஒரு காணி வாங்கினார். அனத்தோத்து ஊரில் இருந்த அந்த நிலத்துக்கு 17 வெள்ளிச் செக்கேல் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதுவித்தார். முத்திரையிட்ட பிரதியையும் முத்திரையிடாத பிரதியையும் நெடுங்காலம் அழியாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு பாரூக்கிடம் சொன்னார். ஊர் திரும்பும் நாள் வரும் என்று நம்பியவர் செய்த காரியம் இது.

எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களும் கையில் அகப்பட்டதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியோடு உறுதியும் போய்விட்டது. "கடதாசி இல்லை, இனி என்னத்தைக் கேட்பது?" என்று சோர்ந்திருப்போர் இன்றும் உண்டு.

அவர்கள் முதலில் அறியவேண்டியது ஒன்று. உறுதி என்பது காணி உரிமைக்கான சான்று. அந்தச் சான்று உங்கள் பெட்டியில் மட்டும் இருந்ததில்லை.

ஓர் உறுதி, மூன்று பிரதிகள்

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதோ கொடுப்பதோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நடக்க வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூலப்பிரதி காணிக்காரருக்கு. இரண்டாம் பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதத்தில் மாவட்டக் காணிப் பதிவகத்துக்கு, அதாவது நாங்கள் காணிக் கந்தோர் என்று சொல்லும் இடத்துக்கு, அனுப்ப வேண்டும். மூன்றாம் பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். அவர் இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவரிடமிருந்த பிரதிகளும் காணிப் பதிவாளரிடம் சேர்க்கப்பட வேண்டும்.

ஆகவே உங்கள் பிரதி எரிந்துபோயிருந்தாலும், மற்ற இரண்டில் ஒன்று எங்கோ இருக்கலாம். பதிவகத்தில் இருக்கும் இரண்டாம் பிரதியிலிருந்து, கட்டணம் செலுத்தி, சான்றுப்படுத்திய பிரதி ஒன்றைப் பெற முடியும்.

முதல் வேலை வீட்டிலேயே

கந்தோருக்குப் போகுமுன் ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டுப் பின்வருவனவற்றை எழுதுங்கள்.

1. காணியின் பெயர். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயர் உண்டு. உறுதியிலும் அந்தப் பெயரே எழுதப்பட்டிருக்கும். கிராமமும் கோவிற்பற்றும் தெரிந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

2. பரப்பளவு. பழைய உறுதியில் பரப்பும் குழியும் இருக்கும். நில அளவைப் படத்தில் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் இருக்கும். புதிய படங்களில் ஹெக்டேயர் இருக்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ்.

3. நான்கு எல்லைகளிலும் யார் யார் இருந்தார்கள் என்பது.

4. காணி எப்படி வந்தது: சீதனமா, முதுசமா, விலைக்கு வாங்கியதா? எந்த ஆண்டளவில்? எழுதிய நொத்தாரிசு யார்?

இவற்றில் எல்லை விபரம் மிகவும் உதவும். உங்கள் தெற்கு எல்லைக்காரரின் உறுதியில் "வடக்கு" என்ற இடத்தில் உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கக்கூடும். அவருடைய உறுதி தப்பியிருந்தால் அதைப் பார்க்கக் கேளுங்கள். தாய்க்காணி ஒன்றிலிருந்து சகோதரிகளுக்குப் பிரித்துச் சீதனம் எழுதியிருந்தால், ஒரு சகோதரியின் உறுதியில் முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் சொல்லப்பட்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் பழைய போட்டோப் பிரதி கிடந்து வெளிப்பட்டதும் உண்டு. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஈடு வைத்திருந்தால் அங்கும், காணி வழக்கு நடந்திருந்தால் மாவட்ட நீதிமன்றக் கோவையிலும் தேடலாம்.

காணிக் கந்தோரில்

காணிப் பதிவகம் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. அங்கு ஒவ்வொரு காணிக்கும் ஒரு தொகுதியில் ஓர் ஏடு திறக்கப்பட்டிருக்கும். அந்தக் காணி கைமாறும்போதெல்லாம் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு ஆகியவை அதே ஏட்டில் வரிசையாகப் பதியப்படும். ஏடு நிரம்பினால் புதிய ஏடு திறந்து, எங்கிருந்து எங்கே கொண்டுபோகப்பட்டது என்று இரண்டிலும் குறிப்பார்கள். பதிவான உறுதியின் மேல் தொகுதி இலக்கமும் ஏட்டிலக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு இலக்கங்களும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டணம் கட்டி ஏட்டைப் பார்வையிடவும், அதன் பிரதியைப் பெறவும் எவரும் விண்ணப்பிக்கலாம். ஏட்டிலக்கம் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிவைத்த காணிப் பெயர், ஊர், உரிமையாளர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடக் கேளுங்கள். ஒரு நாளில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பெயரின் எழுத்து மாறியிருக்கலாம். அதை வேறு விதமாகவும் எழுதித் தேடுங்கள்.

மாவட்ட எல்லையையும் கவனியுங்கள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது; அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு முந்திய கிளிநொச்சி உறுதிகளை யாழ்ப்பாணப் பதிவகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கந்தோர் வாசலில் நின்று "நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்வோரிடம் மூலப் பத்திரம் எதையும் கொடுக்காதீர்கள். பிரதியைக் காட்டுங்கள், செலுத்திய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அரச காணியில் இருந்தவர்களுக்கு

வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் இருந்த பலரிடம் நொத்தாரிசு உறுதி இராது. அவர்களுடையது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. இவர்கள் முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. அங்குள்ள பேரேட்டில் பெயர், துண்டு இலக்கம், பின்னுரித்தாளர் பெயர் ஆகியவை இருக்கும். அளிப்புப் பத்திரம் பெற்றவர்களின் பதிவு காணிப் பதிவகத்திலும் இருக்கும்.

இக்காணிகளுக்குப் பின்னுரித்தாளரை நியமித்து, அந்த நியமனத்தைப் பதிந்துவைப்பது மிக முக்கியம். நியமிக்காமல் ஒருவர் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படியே காணி இறங்கும். முன்பு அந்த அட்டவணை ஆண்பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணைச் சான்றுகள்

உறுதியும் பேரேடும் அகப்படாதபோது, காணியில் நீங்கள் இருந்து பயிர் செய்ததைக் காட்டும் கடதாசிகள் பெறுமதியுள்ளவை. கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் வயலும் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரதேச சபைக்குக் கட்டிய வரிப் பற்றுச்சீட்டு, உர மானியச் சிட்டை, பழைய வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், கோவில் அல்லது பங்குப் பதிவேட்டிலுள்ள வதிவிடக் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு இல்லாமல் வெள்ளைக் கடதாசியில் எழுதிய விற்பனையால் உரிமை மாறாது. ஆயினும் யார் எப்போது காணியில் இருந்தார் என்பதற்கு அது உதவக்கூடும், எறிந்துவிடாதீர்கள்.

கிடைத்ததைப் பதிந்துவைத்தல்

உறுதி கையில் இருந்தும் பதியாமல் விட்டவர்கள் உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத உறுதிக்கு முன்னதாக, பின்னர் விலை கொடுத்து வாங்கியவர் தன் உறுதியைப் பதிந்துவிட்டால் அவரது உறுதியே முந்தும். பதிவு செய்வதால் பிழையான உறுதி சரியாகிவிடாது என்பதையும் மறக்கக்கூடாது.

உங்கள் வெறுங்காணியை வேறொருவர் கள்ள உறுதி முடித்து விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால், காணிப் பதிவகத்தில் கேவியற் பதியலாம். அது நடைமுறையில் உள்ள காலத்தில் அந்தக் காணி பற்றிய உறுதி எதுவும் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் கிடைக்க வேண்டும். தூர இடத்தில் வாழ்வோருக்கு இது நல்ல காவல்.

தகப்பன் பெயரிலோ பாட்டன் பெயரிலோ இருக்கும் காணி பிள்ளைகள் பெயருக்குத் தானாக மாறாது. மரண அத்தாட்சிப் பத்திரம், பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள் ஆகியவற்றை எடுத்து, சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் உரித்தாளர்கள் கூடிப் பங்கீட்டு உறுதி முடிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் காணாமற்போயிருந்தால் மரணப் பதிவு செய்யும்படி உங்களை எவரும் நெருக்க இடங்கொடுக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்திருக்கிறது.

ஏன் இப்போதே?

பிறர் காணியில் 10 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவர் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோர முடியும். போர் காரணமாகத் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதில் வழக்கிடக் காலவரையறை இருந்தது. அறியாமல் இருந்தவர்கள் அந்த வாய்ப்பைத் தவறவிட்டார்கள்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் 3 மாதத்துக்குள் கோரவேண்டும் என்றும், தவறினால் அது அரச காணியாகும் என்றும் சொன்னது. எதிர்ப்பு எழுந்தது. யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றது. ஆனால் அந்த 3 மாதத்துக்குள் இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ ஒரு குடும்பம் தன் கடதாசிகளைத் தேடி எடுத்திருக்க முடியுமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லைக்காரர்கள் வயோதிபர்களாகிறார்கள். காணியின் பெயரை அறிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போகிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த மாதமே கொப்பியில் எழுதி, திகதியிட்டு, அவர்களுடைய கையொப்பமும் வாங்குங்கள். கிடைக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று நம்பிக்கையான ஒருவரின் கைப்பேசியில் படமாக இருக்கட்டும். மூலப்பிரதியைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.