டாப் 2% விஞ்ஞானி, எச்-இண்டெக்ஸ் 40... ஆய்வாளர்களுக்குப் போடும் இந்த மார்க்கை எவ்வளவு நம்பலாம்?

திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யம்பாளையம் தென்னந்தோப்புகளுக்குப் பேர் போன ஊர். பழனி மலையின் அடிவாரம், பக்கத்திலேயே மருதாநதி அணை. தேங்காயை எண்ணியும் விற்கலாம், எடை போட்டும் விற்கலாம். எண்ணி விற்றால் சின்னக் காயும் ஒன்றுதான், பெரிய காயும் ஒன்றுதான். தராசில் வைத்தால் கணக்கு மாறும். கொப்பரையாக்கிப் பார்த்தால் இன்னொரு கணக்கு வரும். 'எந்தத் தோப்பு நல்ல தோப்பு' என்ற கேள்விக்கான பதில், நாம் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறிவிடும்.

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வாளர்களை அளப்பதில் இதே சிக்கல்தான். எத்தனை பேப்பர் வெளியிட்டார், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எந்த ஆய்விதழில் வந்தது... இந்த எண்களை வைத்துத்தான் வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் முடிவாகின்றன. ஆண்டுதோறும் 'உலகின் டாப் 2% விஞ்ஞானிகளில் நம்ம ஊர் பேராசிரியர்' என்று செய்தியும் வருகிறது. இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? இவற்றை வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவது நியாயமா?

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவருடைய பேப்பர்களில் 10 பேப்பர்கள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 10. தலா 11 மேற்கோளுடன் 11 பேப்பர் சேர்ந்தால்தான் அது 11 ஆகும்.

எண்ணிக்கை, தாக்கம் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுவதால் இது வேகமாகப் பரவியது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் வாழ்நாளில் எழுதியது 3 பேப்பர்தான், ஒவ்வொன்றுக்கும் 1,000 மேற்கோள். இன்னொருவர் 12 பேப்பர் எழுதியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் 12 மேற்கோள். மொத்த மேற்கோளில் முதலாமவர் 3,000, இரண்டாமவர் 144. எச்-இண்டெக்ஸில்? முதலாமவர் வெறும் 3, இரண்டாமவர் 12!

இன்னொரு விஷயம், இந்த எண் குறையவே குறையாது. ஆய்வை நிறுத்திவிட்டாலும் பழைய பேப்பர்களுக்கு மேற்கோள் வந்துகொண்டே இருக்கும். எனவே 30 ஆண்டு அனுபவம் உள்ளவரையும் நேற்று பிஎச்.டி. முடித்தவரையும் இதை வைத்து ஒப்பிடவே முடியாது.

வாழையும் ஏஐ-யும் ஒரே ரேஸில் ஓடலாமா?

அய்யம்பாளையத்துக்கு மேலே, கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை என்ற இடத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மலைப்பகுதியின் அடையாளம் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்தில் சேரும் பழம். முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் தாக்கி இந்த வாழை பெரிய அளவில் அழிந்தது. நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை உருவாக்கி அதை மீட்கும் வேலையில் வேளாண் விஞ்ஞானிகள் இறங்கினார்கள்.

இப்படியொரு ஆய்வின் வேகத்தை யோசியுங்கள். கன்று நட்டு, அது வளர்ந்து, குலை தள்ளும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பருவத்தின் முடிவை மட்டும் நம்ப முடியாது. அதே காலத்தில் செயற்கை நுண்ணறிவுத் துறையில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்தபடியே பல பேப்பர்களை வெளியிட்டுவிடலாம். அந்தத் துறையில் ஆய்வாளர்களும் அதிகம், எனவே மேற்கோளும் அதிகம். மலைவாழை நோயைப் பற்றி உலகில் எத்தனை பேர் எழுதுவார்கள்?

இதற்குத் தீர்வு 'துறைவாரியாகச் சமன் செய்தல்'. ஒரு பேப்பர் வாங்கிய மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த பேப்பர்களின் சராசரியால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, வாழை ஆய்வுக்கு 12 மேற்கோள், அந்தத் துறையின் சராசரி 6 என்றால் மதிப்பு 2. ஏஐ பேப்பருக்கு 60 மேற்கோள், அங்கே சராசரி 40 என்றால் மதிப்பு 1.5. வெறும் எண்ணிக்கையில் ஐந்து மடங்கு பின்னால் இருந்தவர் இப்போது முன்னால் வந்துவிட்டார்.

பெரிய ஆய்விதழில் வந்தால் பெரிய ஆய்வா?

'இம்பாக்ட் ஃபேக்டர்' என்பது ஆய்விதழுக்கான மார்க். அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட் உருவாக்கியது. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட பேப்பர்கள், இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே கணக்கு.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு உண்மையான உதாரணம் உண்டு. படிகவியல் துறையின 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-ல் சுமார் 2. மறு ஆண்டே அது 49.9-க்குத் தாவியது. இதழ் திடீரென்று மாறிவிடவில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மென்பொருளைப் பற்றி 2008-ல் வந்த ஒரே ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் குவிந்ததுதான் காரணம். அந்த இதழில் எழுதிய மற்றவர்களும் அந்தச் சராசரியில் குளிர் காய்ந்தார்கள்.

இது நம் ஊர் பேராசிரியர்களையும் தொடும் விஷயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின் புள்ளிப் பட்டியலில், இம்பாக்ட் ஃபேக்டர் 1-க்குக் கீழே உள்ள இதழில் வந்த பேப்பருக்குக் கூடுதலாக 10 புள்ளி, 10-க்கு மேல் இருந்தால் 30 புள்ளி. கணிதத்தின் உச்ச இதழான 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' அந்த 10-ஐயே எட்டுவதில்லை. புற்றுநோய் மருத்துவ இதழ் ஒன்றோ 200-ஐத் தாண்டுகிறது. ஒரே பட்டியலில் கணிதப் பேராசிரியர் எங்கே போவார்?

5,154 பேர் எழுதிய ஒரு பேப்பர்

ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த பேப்பரில் ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலுக்கும் நிறுவனங்களுக்கும்தான்! இவர்கள் எல்லோருக்கும் 'ஒரு பேப்பர்' என்று முழு மார்க் போட்டால், தனியாக உட்கார்ந்து எழுதியவருக்கு அநியாயம்.

பங்கு போட்டுக் கணக்கிடுவது ஒரு வழி: 4 பேர் எழுதினால் ஆளுக்குக் கால் பேப்பர். மானியக் குழுவின் 2018 முறையில் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70%. அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70%, மற்றவர்களுக்குத் தலா 30%. 'கிரெடிட்' என்ற இன்னொரு முறை, யோசனை, சோதனை, தரவு, எழுத்து என்று 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று பேப்பரிலேயே சொல்லிவிடுகிறது.

சூரியனைப் படம் பிடித்தவருக்கு என்ன மார்க்?

பேப்பரே எழுதாத பங்களிப்பும் உண்டு. அதற்குக் கொடைக்கானல் வரை ஏற வேண்டும். அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்தப் படங்கள் இப்போது டிஜிட்டல் ஆக்கப்பட்டு, சூரியப் புள்ளிகளை ஆராய்பவர்களுக்குப் பயன்படுகின்றன. காலையில் எழுந்து குளிரில் தொலைநோக்கியைத் திருப்பி கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தவர்களுக்கு எச்-இண்டெக்ஸ் கிடையாது.

அதே ஆய்வகத்தில்தான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்று உலகப் பாடநூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு'. அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது கொடைக்கானல் ஆய்வகம் தானே அச்சிட்ட அறிக்கை இதழில். 'இம்பாக்ட் ஃபேக்டர் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

மார்க்கே குறியானால்?

எந்த அளவுகோலும் இலக்காக மாறிய நொடியில் கெட்டுப்போகும். பேப்பருக்குப் புள்ளி என்றதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பிறகு வந்த 'யுஜிசி-கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களின் கையில்.

தன் பேப்பரையே தான் மேற்கோள் காட்டுவது, 'நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன்' என்று கூட்டுச் சேர்வது ஆகியவை இன்னொரு வகை. 2022 நவம்பரில் வந்த புதிய பிஎச்.டி. விதிமுறையில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நீக்கப்பட்டது. தரம் குறைந்த இதழ்களுக்கு மாணவர்களைத் துரத்திவிட்ட விதி அது என்ற விமர்சனம் நீண்ட நாளாகவே இருந்தது.

அப்போ எப்படித்தான் ஒப்பிடுவது?

ஆய்வை மதிப்பிடும்போது இம்பாக்ட் ஃபேக்டரைத் தள்ளி வையுங்கள் என்று 2012-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'டோரா' பிரகடனம் சொன்னது. 2015-ல் வந்த 'லெய்டன் அறிக்கை' 10 கொள்கைகளை முன்வைத்தது. எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும், உள்ளூருக்குத் தேவையான ஆய்வுகளைக் காப்பாற்ற வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. மலைவாழை விவசாயிக்காகத் தமிழில் எழுதப்படும் ஒரு கையேடு சர்வதேசத் தரவுத்தளத்தில் ஏறாது. ஆனால் தோட்டத்தில் அதன் பலன் தெரியும்.

அடுத்த முறை ஓர் ஆய்வாளரின் எண்ணையோ பட்டியலையோ பார்க்கும்போது இதையெல்லாம் கேளுங்கள்:

• ஒப்பிடப்படும் இருவரும் ஒரே துறையா? ஆய்வுக்கு வந்து ஏறக்குறைய அதே ஆண்டுகள்தானா?

• சுய மேற்கோளைக் கழித்த பிறகும் அந்த எண் நிற்கிறதா?

• பேப்பரில் அவர் செய்த வேலை என்ன?

• 'டாப் 2%' என்றால் எந்தப் பட்டியல்? ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு வாழ்நாள் பங்களிப்புக்கு ஒன்று, ஒரே ஆண்டின் மேற்கோளுக்கு ஒன்று என இரண்டு பட்டியல் தருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

• திரும்பப் பெறப்பட்ட பேப்பர்கள் உண்டா? தேசிய தரவரிசையான என்ஐஆர்எஃப்-பும் 2025-ல் இவற்றுக்காக மார்க்கைக் குறைக்கத் தொடங்கிவிட்டது.

• கடைசியாக, அவருடைய சிறந்த 3 பேப்பர்களைத் தேர்வுக் குழுவில் யாராவது உண்மையிலேயே படித்தார்களா?

கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். பேராசிரியர் வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எண்ணைப் பார்த்து வடிகட்டுவது சுலபம். ஆனால் அந்த வடிகட்டலில் விழுந்துபோவது, ஒரு வாழைக்காகப் பத்து வருடம் மலையேறிய ஆளாகக்கூட இருக்கலாம். தேங்காயை எண்ணி முடித்த பிறகும், வாங்குகிறவர் ஒன்றைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கிறார், அல்லவா?