வீடு கட்டும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பரப்புக் காணி வாங்குவதானாலும் நாம் நொத்தாரிசிடம் செல்கிறோம், பழைய உறுதிகளைப் புரட்டுகிறோம், எல்லைகளைச் சரிபார்க்கிறோம். அதே காணியில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும்போதோ, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, வாய்ச்சொல்லை நம்பி முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

போரில் அழிந்த வீடுகளை மீளக் கட்டுவோரில் பலர் வேலை நடைபெறும் இடத்தில் இருப்பதில்லை. வெளிநாடுகளிலிருந்து பணம் அனுப்புவோர் ஒருபுறம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே சோனகத் தெருப் பகுதியில் இடிந்த வீட்டை எழுப்ப முனையும் முஸ்லிம் குடும்பங்கள் மறுபுறம். இவர்களுக்கு ஒப்பந்தகாரரின் நேர்மையே ஒரே காவல். எனவே தெரிவில் கவனம் வேண்டும்.

முதலில் பதிவைப் பார்க்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தகாரர்களைத் தரப்படுத்திப் பதிவு செய்கிறது. சான்றிதழ் காலாவதியாகாமல் உள்ளதா, நமது வேலையின் பெறுமதி அந்தத் தரத்துக்குள் அடங்குகிறதா என்பவற்றை உறுதிப்படுத்த வேண்டும்.

எனினும் சிறிய வீடுகளைக் கட்டுவோரில் பலர் பதிவில்லாத மேசன்மாரே. அவர்களில் திறமையானோர் நிறைய உண்டு. அவர்கள் கட்டிய வீடுகளே அவர்களுக்குச் சான்று. புதுவீட்டின் வர்ணப்பூச்சைப் பார்த்து மயங்காமல், ஐந்தாறு மாரிகளைக் கண்ட வீட்டின் கூரைத்தட்டைப் பார்க்க வேண்டும். கடலோர மணலிலும் உவர்நீரிலும் உள்ள உப்பு கொங்கிறீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். இந்தக் குறை வீடு குடிபுகுந்த அன்று தெரியாது. ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படும்.

அடுத்தது விலை. "சதுர அடிக்கு இவ்வளவு" என்பது முழுமையான விலையன்று. மலக்குழி, மின்னிணைப்பு, தரை ஓடு, கதவு யன்னல் என்பன அதில் அடங்குமா? ஒரே வரைபடத்துக்கும் ஒரே அளவுப்பட்டியலுக்கும் மூவரிடம் விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். மற்றையோரைவிட மிகக் குறைந்த விலை சொல்பவர் எதைக் குறைக்கப் போகிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பணம் வேலைக்குப் பின்னால் செல்ல வேண்டும், முன்னால் செல்லக்கூடாது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வடக்கு, கிழக்குப் பயனாளிகள் தமது வீட்டைத் தாமே கட்டுவித்தனர். 550,000 ரூபா ஒரேயடியாக வழங்கப்படவில்லை. வேலையின் முன்னேற்றம் பார்க்கப்பட்டுத் தவணைகளாக வழங்கப்பட்டது. அத்தொகை போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு. ஆயினும் அந்தத் தவணை முறை எல்லோருக்கும் பொருந்தும். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு எனக் கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒப்பந்தகாரருடன் தொடர்பில்லாத தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பார்வையிட்ட பின்னர் பணம் விடுவது நன்று. தூரத்தில் இருப்போருக்கு இது இன்றியமையாதது. இறுதியில் ஐந்து வீதத்தையேனும் ஒரு மாரிகாலம் கழியும்வரை நிறுத்திவைக்கலாம்.

ஒப்பந்தகாரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2021 இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த சீமெந்துப் பொதி 2022 இல் 2,500 ரூபாவைத் தாண்டியது. அவ்வாறான வேளையில் மேலதிகச் செலவு யாருடையது என்று முன்கூட்டி எழுதாவிடின் நேர்மையானவரும் வேலையை இடைநடுவில் விட்டுச் செல்ல நேரும். வீட்டுக்காரர் நாளுக்கொரு மாற்றம் சொல்வதும், தவணையைத் தாமதிப்பதும் அவ்வாறே வேலையைக் குலைக்கும். மாற்றங்களும் எழுத்தில் இருக்கட்டும்.

மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் அனுமதி பெறாமல் வேலை தொடங்கவே கூடாது. வேலை முடிந்ததும் அமைவுச் சான்றிதழ் பெறவேண்டும். சுண்ணாம்புக்கல் நிலமான குடாநாட்டில் மலக்குழியின் கசிவு எளிதாகக் கிணற்றை அடையும். அனுமதி தேவையில்லை என்று கூறும் ஒப்பந்தகாரர் நமது குடிநீரையும் அயலவரின் குடிநீரையும் பணயம் வைக்கிறார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்குமாறு அல்குர்ஆன் பணிக்கிறது. உறுதி எழுதாமல் காணி வாங்காத மரபு இம்மண்ணுக்கு உண்டு. எழுதிக் கேட்பது அவநம்பிக்கையன்று; இரு தரப்பாரின் நம்பிக்கையையும் காக்கும் வழி அது. எழுத்தில் தரத் தயங்குபவரிடம் நமது வீட்டை ஒப்படைக்க வேண்டியதில்லை.