பந்தும் பாட்டும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலர் கடையில் பந்து வாங்கியதில்லை. வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்து இறுகச் சுற்றினோம். துள்ளும் பந்து கிடைத்தது. ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள் உண்டு. அவை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுவே துள்ளலின் காரணம். ஆனால் வெயிலில் அந்தப் பந்து பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குமென்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

பந்துக்கு ரப்பர் உயிர் என்றால், விளையாட்டுக்குப் பாட்டே உயிர். அஞ்சாங்கல்லைப் பாருங்கள். மலாய்க்காரர் அதைப் 'பத்து சிரம்பான்' என்பர். நம் மாநிலத் தலைநகரின் பெயர்! மேலே எறிந்த கல் கீழே வருமுன் மற்றக் கல்லை அள்ள வேண்டும். பாட்டின் தாளம் கைக்கு நேரம் சொன்னது. ஒன்று, இரண்டு என்ற எண்ணும் அதிலேயே மனத்தில் பதிந்தது.

ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. கல்லும் பந்தும் எங்கும் கிடைக்கும். அந்தப் பாட்டுகளோ பெரும்பாலும் பாட்டிமார் நாவில்தான் இருக்கின்றன. இன்றிரவே பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி, பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். நோட்டில் எழுதியும் வையுங்கள்.