எந்த அமிலத்துக்கு எந்த நிக்கல்?

1915இல் அமெரிக்காவில் 'சீ கால்' என்ற உல்லாசக் கப்பல் கட்டப்பட்டது. நீளம் 200 அடிக்கும் மேல். வெளித்தகடு முழுக்க மோனல். உப்புநீருக்கு எளிதில் மசியாத உலோகம். ரிவெட்டுகள் உள்ளிட்ட சில பாகங்கள் மட்டும் எஃகு. சில வாரங்களுக்குள் அந்த எஃகு அரித்துப்போய், கப்பல் உடைப்புக்குப் போனது. மோனல் தகட்டுக்கோ பழுதில்லை.

கடல்நீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அதுவே ஒரு பேட்டரி. இளைத்தது கரையும், வலுத்தது தப்பும். பரந்த மோனல் தகட்டின் நடுவே சின்னஞ்சிறு எஃகு ரிவெட் என்றால், கரைவு மொத்தமும் அந்த ரிவெட்டின் தலையில்தான் விடியும். நல்ல உலோகத்தை வாங்கினால் மட்டும் போதாது, அதன் பக்கத்தில் எது உட்கார்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மோனலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. கனடாவின் சட்பரி தாதுவில் இரண்டும் கிட்டத்தட்ட அந்த விகிதத்திலேயே கிடைத்ததால், பிரிக்காமலே உருக்கிவிட்டார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் அம்புரோஸ் மோனெல் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் நீராவி உற்பத்திக் கலங்களில் உள்ள குழாய்களும் இந்த இனம்தான்.

கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை மோனல் தாங்கும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அதற்கு மவுசு அதனால்தான். ஆனால் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் அதன் பாடு திண்டாட்டம்! அங்கே விலை மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜெயித்துவிடும். காரணம் குரோமியம். ஆக்சிஜன் ஏற்றும் அமிலத்தில் குரோமியம் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. மோனலில் குரோமியமே கிடையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கோ மாலிப்டினம் வேண்டும். அதை நிறையச் சேர்த்த ஹாஸ்டெல்லாய் பி என்ற நிக்கல் கலவை அந்த அமிலத்தில் அசைந்து கொடுக்காது. ஆனால் அதே அமிலத்தில் கொஞ்சம் ஃபெரிக் உப்பு கலந்துவிட்டால் வேகமாக அரிபடும்.

இரு பக்கமும் சமாளிக்க வந்தது ஹாஸ்டெல்லாய் சி வகை: குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்தது. தொடக்கத்தில் அதை வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே அரிப்பு பிடித்தது. கார்பனையும் சிலிக்கானையும் மிகக் குறைத்து சி-276 வந்த பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் கோபுரங்களில் இன்று அது வேலை செய்கிறது.

பெயர்பெற்ற கலவைக்கும் சறுக்கல் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில், உலைமூடியை ஊடுருவும் குழாய்கள் இன்கோனெல் 600 என்ற நிக்கல் கலவை. அதில் சுமார் 15 சதவீதம் குரோமியம். சூடான உலை நீரும் உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தது. அதன் வழியே கசிந்த நீரில் இருந்த போரிக் அமிலம், குழாயை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சுமார் 17 செ.மீ. தடிமன் எஃகு மூடியைத் தின்றது. 2002இல் கண்டுபிடித்தபோது, அந்த இடத்தில் உலையின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு செ.மீ.க்கும் குறைவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உட்பூச்சு மட்டுமே.

மூடியை மாற்றினார்கள். புதிதாக வைத்ததிலும் அதே 600 குழாய்கள். 2010இல் மறுபடி விரிசல். 2011இல் வந்த அடுத்த மூடியில்தான், குரோமியம் சுமார் 30 சதவீதம் உள்ள 690 இடம்பிடித்தது.