பழியஞ்சின படலம் உணர்த்தும் தண்டநெறி

ஆவணித் திங்களில் மதுரையம்பதியில் நிகழும் மூலப் பெருவிழாவில், ஆலவாய் அண்ணலின் திருவிளையாடல்கள் பல ஆண்டுதோறும் காட்சியாக்கிக் காட்டப்பெறுகின்றன. நரி பரியானதும், வளையல் விற்றதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் சிறுவரும் அறிந்த வரலாறுகளாக விளங்குகின்றன. ஆயினும், பரஞ்சோதி முனிவர் அருளிய அறுபத்துநான்கு திருவிளையாடல்களுள் இருபத்தைந்தாவதும் இருபத்தாறாவதுமாக அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படலங்களை நம்மவர் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. முன்னது பழியஞ்சின படலம். பின்னது மாபாதகம் தீர்த்த படலம். முன்னதில் குற்றமற்றவன் ஒருவன் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறான். பின்னதில் குற்றம் செய்த ஒருவன் தன் குற்றத்தைத் தானே கூறுகிறான். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துச் சிந்திப்பின், குற்றம், குற்றவுணர்வு, ஒப்புதல், தண்டனை ஆகிய நான்கும் தெளிவுறும்.

ஆலமரத்தடியில் நிகழ்ந்தது

குலோத்துங்க பாண்டியன் அரசு செலுத்திய காலம். அந்தணன் ஒருவன் தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மதுரை நோக்கி வந்தான். வழியில் மனைவிக்கு நீர்வேட்கை மிகுந்தது. அவளை ஓர் ஆலமரத்தடியில் இருத்திவிட்டு அவன் நீர் தேடிச் சென்றான். முன்னொருகால் எவனோ எய்த அம்பொன்று அம்மரத்தின் கிளைகளிடையே சிக்கிக் கிடந்தது. காற்று வீசிற்று; அம்பு கழன்று விழுந்து அப்பெண்ணின் உயிரைக் கொண்டது. அதே வேளையில் வேடன் ஒருவன் வில்லும் கையுமாய் வந்து, அம்மரத்தின் மறுபுறத்தே நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தான்.

நீரோடு மீண்ட அந்தணன் கண்டது யாது? இறந்து கிடக்கும் மனைவி, உடலில் அம்பு, அருகே வில்லேந்திய வேடன். வேறென்ன சான்று வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். அவன் வேடனைப் பற்றி இழுத்துக்கொண்டு அரண்மனை வாயிலில் வந்து முறையிட்டான்.

வேடன், "யான் கொன்றேன் அல்லேன், கொன்றவரைக் கண்டேனும் அல்லேன்" என்றான். அவனைத் தண்டித்துக் கேட்டனர். அப்போதும் அவன் சொல் மாறவில்லை. இவ்விடத்தில்தான் பாண்டியனின் பெருமை தொடங்குகிறது. 'இன்னும் அடியுங்கள், சொல்லுவான்' என்று அவன் கூறவில்லை. முறையிட்டவன் அந்தணன், குற்றஞ்சாட்டப்பட்டவன் வேடன் என்று குலம் பார்த்தும் முடிவு செய்யவில்லை. வேடனைக் காவலில் இருத்தி, அந்தணனை மனைவிக்குரிய இறுதிக் கடன்களை முடிக்கச் செய்து, தான் திருக்கோயிலை அடைந்து, உண்மையைக் காட்டியருளுமாறு சொக்கலிங்கப் பெருமானிடம் வேண்டினான்.

நகரின் புறத்தே வணிகர் தெருவில் நிகழவிருக்கும் ஒரு திருமணத்திற்கு அவ்வந்தணனோடு செல்லுமாறு திருவாக்கு எழுந்தது. இருவரும் வேற்றுருக்கொண்டு அங்குச் சென்றிருந்தபோது, பிறர் கண்ணுக்குப் புலனாகாத எமதூதர் இருவர் பேசிக்கொள்ளும் சொற்கள் இவர்களுக்கு மட்டும் கேட்டன. 'நோயில்லாத இம்மணமகன் உயிரை எங்ஙனம் கொள்வது?' என்றான் ஒருவன். 'ஆலமரத்து அம்பைக் காற்றால் வீழ்த்தி அப்பெண்ணின் உயிரைக் கொண்டது போல, கட்டிய பசுவை இம்முழக்கத்தால் வெருளச் செய்து கொள்வோம்' என்றான் மற்றவன். அவ்வாறே கயிறறுத்து ஓடிவந்த பசு மணமகனை முட்டிக் கொன்றது. அரசன் அரண்மனைக்கு மீண்டு வேடனை விடுவித்து, தண்டித்த பிழையைப் பொறுக்குமாறு அவனிடம் வேண்டினான். அந்தணனுக்கும் பொருளளித்து ஆறுதல் கூறினான். பின்னர் ஆலவாய் இறைவனைப் பழிக்கு அஞ்சிய பெருமானாகப் போற்றி வணங்கினான்.

பழிக்கு அஞ்ச வேண்டியவர் குற்றம் செய்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். இப்படலமோ, தண்டிக்கும் அதிகாரம் உடையவனே முதலில் பழிக்கு அஞ்ச வேண்டியவன் என்று அறிவிக்கிறது. இதே மதுரையில், ஆராயாது இட்ட ஓர் ஆணையால் கோவலன் கொலையுண்டதும், உண்மை வெளிப்பட்டபோது பாண்டியன் அரியணையிலேயே உயிர்துறந்ததும் சிலப்பதிகாரம் கூறும் செய்தி. ஒரு பாண்டியன் தண்டித்த பின் அஞ்சினான்; மற்றொருவன் தண்டிப்பதற்கு முன் அஞ்சினான். வேறுபாடு அவ்வளவே. அவ்வளவில்தான் ஓர் உயிர் இருந்தது.

ஊழ் என்னும் போர்வை

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'எல்லாம் வினைவழி நடப்பதாயின், குற்றமற்றவன் அடிபடுவதும் அவன் பழவினைதானே? அதற்கு மற்றவர் ஏன் வருந்த வேண்டும்?' என்று வினவுவாரைப் பல அவைகளில் கண்டிருக்கிறோம்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகையாகப் பகுக்கின்றது. தொகுந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம். இப்பொழுது நாம் செய்து ஈட்டுவது ஆகாமியம். அப்பெண் அம்பினால் இறந்தது அவளுடைய பிராரத்தம் என்பது எமதூதர் பேச்சால் விளங்கிற்று. ஆனால் அவ்வுண்மை தெரிந்தபின், 'வேடன் பட்ட அடியும் அவன் ஊழே' என்று அரசன் வாளாவிருந்தானா? இல்லை; பொறுத்தருளுமாறு வேண்டினான். பிறன் துன்பத்திற்குக் காரணம் அவன் பழவினையாக இருக்கலாம். அத்துன்பத்தைச் செய்த கைக்கு அது புதுவினை. ஊழைக் காட்டித் தன் தவறான தீர்ப்பை மூடுபவன் ஆகாமியத்தைப் பெருக்கிக்கொள்கிறான்.

இறைவனும் தண்டிக்கிறானே எனில், அத்தண்டம் அருளின் பாற்பட்டது. அதனை மறக்கருணை என்பர் பெரியோர். தந்தை மகனைத் திருத்துதற்பொருட்டு ஒறுப்பது போன்றது அது. மேலும், இறைவன் முற்றுணர்வினன். அவனுக்குச் சான்று வேண்டா. சிற்றறிவினராகிய நமக்கோ சான்றின்றி ஒன்றும் தெரியாது. அவன் அறிவைப் பெறாத நாம் அவன் கையிலுள்ள கோலை மட்டும் எடுத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

அடியால் பிறந்த ஒப்புதல்

நம் இளமையில் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். ஒரு சிற்றூர்க் கோயிலின் திருவிழாவில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணாமற்போயிற்று. பூக்கூடை சுமந்து வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்மீது ஐயம் எழுந்தது. மண்டபத்துத் தூணருகே நிறுத்தி அவனை அடித்தனர். நெடுநேரம் 'இல்லை, இல்லை' என்றே அழுதவன், பின்னர் 'எடுத்தேன்' என்றான். 'எங்கே வைத்தாய்?' என்றனர். அவனுக்கு என்ன தெரியும்? 'குளத்திலா எறிந்தாய்?' என ஒருவர் கேட்க, 'ஆம், குளத்தில்' என்றான். குளத்தில் தேடினர், கிடைக்கவில்லை. பொய் சொன்னதற்காக மீண்டும் அடித்தனர். நான்காம் நாள் வாகன அறையில் பட்டுத்துணிப் பொதியினுள் கிண்ணம் இருந்தது.

வலி தாங்கமாட்டாதவன், கேட்பவர் விரும்பும் விடையைக் கேட்பவரிடமிருந்தே பெற்று அவரிடமே திருப்பித் தருகிறான். அதில் உண்மை இராது. வலியின் அளவு மட்டுமே இருக்கும். வேடன் உடல் வலிமை உடையவன், தாங்கினான். சிறுவன் தாங்கவில்லை. தாங்குவதும் தாங்காமையும் உடலின் வலிமை பற்றியன. குற்றம் பற்றியன அல்ல.

நம் நாடு இவ்வுண்மையைப் பெருந்துன்பத்தின் பின்னரே சட்டமாக்கிக்கொண்டது. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. வரி தண்டுதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும், விரல்களைக் கட்டைகளிடையே நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து நிறுத்தும் அண்ணாந்தாளும் வழங்கியமை அதனால் வெளிப்பட்டது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல்துறை அலுவலரிடம் கூறிய ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பித்தல் கூடாது என விதித்தது. அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெற்ற ஒப்புதலும் செல்லாது என்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதிகளைப் போற்றிக்கொண்டது. ஒப்புதலைப் பதிவு செய்யும் நீதித்துறை நடுவர், 'நீ ஒப்புதல் கூறக் கடமைப்பட்டவன் அல்லன். கூறினால் அது உனக்கு எதிராகப் பயன்படலாம்' என முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். எவரையும் தமக்கு எதிராகத் தாமே சான்று கூறுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் இருபதாம் உறுப்பு. அதனைத் தழுவியே, மருந்து செலுத்தி மயக்கநிலையில் பேசவைக்கும் சோதனையை ஒருவர் இசைவின்றி நடத்தலாகாது என உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விதிகள் உள. அவை மீறப்படுவதும் உண்டு. மீறுவோர் துணிவுக்குக் காரணம், 'கள்வனை அடித்தால்தானே சொல்லுவான்' என்று தெருவில் நின்று கூறும் நம் போன்றோரின் ஒப்புதலே.

தானே கூறிய பாதகன்

இனி, அடுத்த படலத்தைக் காண்போம். அவந்தி நகரத்து அந்தணன் ஒருவனின் மகன் நாவாற் கூறவொண்ணாத தீயொழுக்கத்தில் வீழ்ந்து, தந்தையையே கொன்றான். பிரமகத்தி அவனைப் பற்றிக்கொண்டது. செல்லுமிடமெங்கும் அழுகையும் ஓலமுமாய் அது அவனை விடாது தொடர்ந்தது என்கிறது புராணம். இதுவே குற்றவுணர்வின் உருவம். எந்த அரசனும் அவனைப் பிடிக்கவில்லை, எவரும் அடிக்கவில்லை. ஆயினும் அவனுக்கு ஓரிடத்தும் உறக்கமில்லை.

அலைந்து திரிந்து அவன் மதுரையை அடைந்தபோது, அங்கயற்கண்ணியோடு வேட்டுவ வடிவில் எழுந்தருளியிருந்த பெருமான், 'நீ யார்? உனக்கு நேர்ந்தது என்ன?' என்று வினவினார். அவன் தான் செய்ததை ஒளியாது கூறினான். பெருமான் அவனுக்கு வழி வகுத்தருளினார்: ஒருபொழுது இரந்துண்ணுதல், பசுக்களுக்கு அன்போடு புல்லிடுதல், திருக்குளத்தில் நீராடுதல், திருக்கோயிலை அங்கப்பிரதட்சிணமாக நாடோறும் பன்முறை வலம் வருதல். 'இத்தகைய பாவிக்கும் அருளுதல் ஏனோ?' என அம்மை வினவ, உய்தற்கு வேறு வழியற்று அழிவானைக் காப்பதே காத்தல் என ஐயன் விடையிறுத்தார்.

உண்மையான ஒப்புதல் இவ்விடத்தே பிறந்தது. அதனைப் பிறப்பித்தது கோலன்று, கேட்பாரின் அருள். பெருமான் வகுத்த கழுவாய் எளிதன்று. உடலும் உள்ளமும் தேயச் செய்யும் உழைப்பு அது. ஆயினும் அது பாவத்தை அழித்ததேயன்றிப் பாவியை அழிக்கவில்லை. மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்திற்குத் தண்டம் வேண்டா என்பது இதன் கருத்தன்று. செங்கோன்மையைக் கூறிய வள்ளுவரே கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் தனித்தனி அதிகாரங்களாக அடுத்து வைத்ததை எண்ணுக. தண்டம் குற்றத்தின் அளவிற்று ஆகவும், திருந்துதற்கு இடம் தருவதாகவும் இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. அடியார்கள் இறைவன் திருமுன் தம்மைப் பாவியென்றும் கடைப்பட்டவரென்றும் கூறி உருகுவர். அது தானே விரும்பிச் செய்யும் விண்ணப்பம். அவ்வுருக்கத்தைப் பிறர் வற்புறுத்திப் பெறுதல் இயலாது. பெற்றால் அது வேறொன்றாகிவிடும்.

நாம் கூறிய சிறுவனிடத்தே அதனைக் கண்டோம். கிண்ணம் கிடைத்தபின் அவனைக் கோயிலுக்கு அழைத்தனர், அவன் வரவில்லை. சினத்தால் வரவில்லை என்றே எண்ணியிருந்தோம். பல நாள் கழித்துக் கேட்டபோது, "சாமி சந்நிதியில் பொய் சொல்லிவிட்டேன்; எடுக்காததை எடுத்தேன் என்றேன். அந்தப் பாவத்தோடு எப்படி உள்ளே வருவேன்?" என்றான். அடித்தவர் எவருக்கும் அவ்வாண்டுத் திருவிழாவில் ஒரு குறையும் தோன்றவில்லை. திருநீறு அணிந்தனர், தேர்வடம் பிடித்தனர். குற்றவுணர்வு முழுவதையும் குற்றமற்ற குழந்தை ஒன்று சுமந்தது. அம்மண்டபத்தில் அடித்தவர் சிலர், பார்த்திருந்தவர் பலர். நாமும் பார்த்திருந்தவருள் ஒருவரே.

பாண்டியன் வேடனிடம் பொறுத்தருள வேண்டினான். அச்சிறுவனிடம் எவரும் வேண்டவில்லை. அவன் வாழ்நாளெல்லாம் வெளியே நின்றே கோபுரத்தை வணங்கினான்.

பிட்டுத் திருநாளில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சியை எண்ணிப் பார்ப்போமாக. கரையடைக்க வந்த கூலியாளின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் பட்டது. அமைச்சர் முதுகிலும், அரண்மனை மகளிர் முதுகிலும், எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது. அக்காட்சி முடிந்ததும் நாம் பிட்டு வாங்கிக்கொண்டு இல்லம் திரும்புகிறோம். இனி, நம் தெருவில் எவனையேனும் கள்வனென்று தூணில் கட்டுவாராயின், அன்று நம் முதுகு சற்றே எரியுமாயின், இத்திருவிழாவை நாம் கண்டவராவோம். அவ்வெரிச்சலோடு முன்சென்று கட்டை அவிழ்த்து, அவனை முறைப்படி விசாரணைக்கு ஒப்புவிப்போமாயின், பழிக்கு அஞ்சிய பெருமானை வழிபட்டவராவோம்.