அரண்மனை வாசல் வரை போய்த் திரும்புகிறவர்களுக்கு...

சிக்கலில் ராமநாதபுரம் பஸ் ஏறுகிறவர்களிடம் கேட்டால், "அரண்மனைப் பக்கம் ஒரு வேலை" என்பார்கள். கல்யாண ஜவுளியோ, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமோ வாங்குகிற வேலையாக இருக்கும். ஆனால், அந்தக் கடைவீதிக்குப் பெயர் கொடுத்த அரண்மனைக்குள் காலெடுத்து வைத்தவர்கள் அதில் எத்தனை பேர்? ராமேஸ்வரம் போகிற வெளியூர்க்காரர்களும் பாம்பன் பாலத்தை நினைத்தபடியே ஊரைத் தாண்டிவிடுகிறார்கள்.

அவர்கள் தாண்டிப் போவது ஒரு தலைநகரத்தை!

சேதுபதிகளின் முதல் தலைநகரம் போகலூர். 1674-ல் பட்டத்துக்கு வந்த கிழவன் சேதுபதிதான் ராமநாதபுரத்துக்கு மாறினார். கோட்டை கட்டினார்; அதற்குள் 'ராமலிங்க விலாசம்' என்ற கொலு மண்டபத்தை எழுப்பினார். அதைக் கட்ட உதவியவர், 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது வழிவழியாக வரும் செய்தி. மறவர் சீமையின் அரசரும், கடல் வணிகம் செய்த முஸ்லிம் பெருந்தனக்காரரும் அத்தனை நெருக்கம்!

வெளியிலிருந்து பார்த்தால் மண்டபம் சாதாரணமாகத்தான் தெரியும். உள்ளே போனதும் கண் அகலும். சுவர், தூண், வளைவு, கூரை என்று கை வைக்க இடமில்லாமல் ஓவியம். 1710-க்குப் பின் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை இவை. ராமாயணமும் கண்ணன் கதையும் கோயில்களிலும் பார்க்கலாம். இங்கே விசேஷம், அரசரின் சொந்த வாழ்க்கையே சுவரில் இருப்பதுதான். ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்குகிறார். தொப்பி போட்ட ஐரோப்பியர்களைச் சந்திக்கிறார். தஞ்சை மராட்டியரோடு நடந்த போரில் குதிரையும் பீரங்கியுமாகப் படைகள் மோதுகின்றன. சில படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கமும் உண்டு. போட்டோ இல்லாத காலத்து ஆல்பம் என்றே சொல்லலாம்.

இதே காலத்தில், 1705-ல், வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் ஹுசைன் வம்ச ஆட்சி தொடங்கியது. அவர்களுடைய பார்தோ அரண்மனை இன்று உலகம் தேடிப் போகிற அருங்காட்சியகம். நம் ஊர் அரண்மனையிலும் அருங்காட்சியகம் இருக்கிறது. தேடித்தான் ஆள் வர வேண்டும்.

சினிமா பார்த்த எல்லோருக்கும் ஜாக்சன் துரையைத் தெரியும். நிஜத்தில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, 1798 செப்டம்பரில் கடைசியாகச் சந்தித்தது இந்த ராமலிங்க விலாசத்தில்தான். பேச்சு முற்றிக் கைகலப்பானது. கட்டபொம்மன் தப்பிவிட்டார். லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். வேலை போனது ஜாக்சனுக்கு!

அந்தச் சந்திப்பின்போது அரண்மனைக்கு உரிய அரசர் அங்கே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே பட்டம் கட்டப்பட்ட முத்துராமலிங்க சேதுபதி, 1772-ல் கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது சிறுவன். தாயோடு திருச்சிக் கோட்டையில் சிறை. விடுதலையாகித் திரும்பி வந்து ஆண்டபோதும் கும்பெனியின் வியாபாரத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. 1795-ல் மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். 1809-ல் சென்னைச் சிறையிலேயே இறந்தார். பாளையக்காரர் கதைகளைப் பேசும்போது இவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை என்பது வருத்தம்தான். 1803-ல் அவருடைய அக்கா மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில் சீமை, ஜமீனாகச் சுருங்கியது.

கோட்டைச் சுவர் போய்விட்டது. ராமலிங்க விலாசத்தை மாநிலத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. ஓவியங்களில் சில இடங்கள் மங்கியும் உதிர்ந்தும் போயிருக்கின்றன. 300 வயது வண்ணம். பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்காமல் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே போனதும் மறக்காமல் தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். அவசரத்தில் வருகிறவர்கள் தவறவிடுவது அதைத்தான்.